வரட்டுமா, வேண்டாமா? ஒரு குடும்பப் பயண நாவலைத் திருத்தி எடுத்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது ஒரு நாவல் மேனுஸ்கிரிப்டா என் கைக்கு வந்ததுல இருந்து புத்தகமா வெளியானது வரைக்கும் நடந்த விஷயம். எழுத்தாளர்கிட்ட கேட்டுட்டுதான் எழுதறேன். பேரு போட வேண்டாம்னு சொன்னாங்க, போடல, கதையிலயும் ஆளைக் காட்டிக் குடுக்கற சில விவரங்களை மாத்தியிருக்கேன். பெண்களோட வாழ்க்கையை மையமா வச்சு, குடும்பப் பயணம், பிரிஞ்சவங்க திரும்பச் சேர்றதுன்னு எழுதிட்டு இருக்கறவங்க நிறைய பேர் இதே இடத்துலதான் மாட்டிக்கறாங்க, அதனாலதான் கொஞ்சம் விவரமா.

எழுத்தாளர் ஐம்பது தாண்டினவங்க. குடும்பக் கதைகளை வாரத் தொடரா எழுதி நல்ல பழக்கம், ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கொக்கியில முடியும், அடுத்த வாரம் வாசகர் வந்து நிப்பாங்க. முழு நாவலா உக்காந்து எழுதினது இதுதான் முதல் தடவை. என்கிட்ட வந்தது எழுத்துப்பிழை பாக்க இல்ல, கதை நிக்குதா சாயுதான்னு பாக்கறதுக்கு.

கதை இதுதான். நாப்பத்தேழு வயசுப் பொண்ணு, விவாகரத்தாகி பதினோரு வருஷம். எழுபத்திரண்டு வயசு அம்மா, வருஷக்கணக்கா பேசாம இருக்கற தன்னோட அக்காவை சாகறதுக்குள்ள ஒரு தடவை பாத்துடணும்கறாங்க. ரயில் வேண்டாம், கார்லதான் போகணும், வழியில ரெண்டு மூணு இடத்துல நிக்கணும்னு பிடிவாதம். வர்றேன்னு சொன்ன டிரைவர் கடைசி நேரத்துல வரல, ஹீரோயினோட தம்பிக்குக் கால்ல கட்டு, அதனால முன்னாள் கணவர் தன்னோட காரை எடுத்துட்டு வர்றார். இவங்களோட இருபது வயசு மகளும் கூட. அஞ்சு பேர், ஒரு கார், ஒன்பது நாள். கடைசியில பெரியம்மா வீட்டு வாசல்ல அம்மா ரெண்டு பேர் கையையும் பிடிச்சு சேத்து வைக்கறாங்க, டிரைவரை வர வேண்டாம்னு சொன்னதே நான்தான்னு சிரிக்கறாங்க, சுபம்.

நாப்பத்தோரு அத்தியாயம், தொண்ணூறாயிரம் வார்த்தைக்கு மேல. ஆங்கிலத்துல இந்த வகை நாவல் எண்பதாயிரத்துல இருந்து ஒரு லட்சம் வார்த்தை வரைக்கும் போறது சகஜம், ஆனா நம்ம மொழியில வார்த்தைங்க ஒட்டிக்கிட்டு வர்றதால அதே கதைக்கு எண்ணிக்கை குறையும், அந்தக் கணக்குல பாத்தா இது ரொம்ப நீளம்.

முதல் வாசிப்புல தெரிஞ்சது

உரையாடல் பிரமாதம், அதை முதல்லயே சொல்லிடறேன். அம்மாவும் மகளும் பேசிக்கற சீன் எங்கயுமே சலிக்கல. பாதி பக்கம் படிச்சாலே யாரு பேசறாங்கன்னு பேரு இல்லாமலே தெரிஞ்சுது, அது சும்மா வர்ற விஷயம் இல்ல.

ஆனா நடு நாவல் நகரவே இல்ல. இத்தனைக்கும் கார் ஓடிக்கிட்டேதான் இருக்கு. பயண நாவல்ல இது ஒரு தந்திரமான பிரச்சினை, கிளம்பறாங்க, போறாங்க, சேர்றாங்க, தங்கறாங்க, திரும்பக் கிளம்பறாங்க, எழுதறவங்களுக்குக் கதை ஓடற மாதிரியே இருக்கும், கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும். இதைக் கண்டுபிடிக்க நான் எப்பவும் செய்யறது ஒண்ணுதான், ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு அட்டை, அதுல இந்த அத்தியாயத்துல யார் என்ன முடிவு எடுத்தாங்க, அதனால என்ன மாறுச்சுன்னு ரெண்டு வரி. அப்புறம் நடுப்பகுதி அட்டைகளைக் கலைச்சுப் போட்டுப் படிக்கறது. பதினேழு அட்டையை எந்த வரிசையில வச்சாலும் கதைக்கு ஒண்ணும் ஆகல. மலைக்கோவில் நாலாவது நாள் வந்தாலும் சரி ஏழாவது நாள் வந்தாலும் சரி. அந்தப் பதினேழுல பன்னெண்டுல "யார் என்ன முடிவு எடுத்தாங்க"ங்கற வரி காலியா இருந்துச்சு.

அப்புறம் அந்தக் கண்ணாடி. ஹீரோயின் டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னாடி உக்காந்திருக்கா, ரியர் வியூ மிரர்ல அவர் கண்ணும் இவ கண்ணும் சந்திச்சுக்குது. ஒரு தடவைன்னா பரவால்ல, தேடல்ல போட்டுப் பாத்தா இருபத்தி மூணு இடம். முதல் விஷயம், பின் கண்ணாடி தெரியற மாதிரி சரியா வச்ச மிரர்ல நேர் பின்னாடி இருக்கறவங்க முகம் ஒழுங்கா விழாது. ரெண்டாவது, 80 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி ஒரு செகண்டுக்கு 22 மீட்டர் போகுது, மூணு செகண்ட் கண்ணோட கண் பாத்தா அறுபது மீட்டருக்கு மேல ரோட்டைப் பாக்காம ஓட்டியிருக்கார்னு அர்த்தம், பின்னாடி பெத்த பொண்ணு வேற உக்காந்திருக்கா. இதைக் குறிப்புல எழுதினப்ப எழுத்தாளர் சிரிச்சுட்டு "அவருக்கு லைசென்ஸையே புடுங்கிடுவீங்க போல இருக்கே"ன்னாங்க. உண்மையான விஷயம் வேற. ரெண்டு பேரும் தனியா பேசற சீனே நாவல்ல இல்ல, எப்பவும் மத்த மூணு பேர் காது கேட்டுக்கிட்டு இருக்கு, அதனால காதலுக்கான அத்தனை வேலையையும் அந்தச் சின்னக் கண்ணாடி தலையில கட்டியிருக்காங்க.

நாலஞ்சு பேருக்கு டிராஃப்டைப் படிக்கக் குடுத்தோம், எல்லாரும் இந்த வகை நாவல் விடாம படிக்கறவங்க. எல்லாருக்கும் அம்மாவைப் பிடிச்சுது. ஜோடியைப் பத்திக் கேட்டா கொஞ்சம் இழுத்தாங்க. ஒருத்தர் சொன்னது எனக்கு ரொம்ப உதவுச்சு: "சேந்ததுல சந்தோஷம்தான், ஆனா நாளைக்கே திரும்ப சண்டை வராதுன்னு நம்பறதுக்கு எனக்கு ஒண்ணும் கிடைக்கல."

பிரிஞ்ச காரணத்தை மாத்தினது

முதல் டிராஃப்ட்ல பிரிவுக்குக் காரணம் ஒரு தவறான புரிதல். ஹீரோயினோட அப்பா ஆஸ்பத்திரியில சாகக் கிடக்கறார், கணவர் வரல, ஏன் வரலன்னா அவருக்குத் தகவலே போய்ச் சேரல, யாரோ சொல்றேன்னு சொல்லிட்டு சொல்லல. அந்தக் கோவத்துல விவாகரத்து. பதினோரு வருஷம் கழிச்சு கார்ல உண்மை தெரியுது, மனசு மாறுது.

இந்த மாதிரி காரணம் எழுத சுலபம், ரெண்டு பேர் மேலயும் தப்பு இருக்காது. ஆனா அதே காரணத்தாலதான் கதை செத்துப் போகுது. ஒரு போன் கால்ல தீர்ந்திருக்கக்கூடிய விஷயத்துக்குப் பதினோரு வருஷம் போச்சுன்னா வாசகருக்குப் பரிதாபம் வராது, எரிச்சல்தான் வரும். இன்னொண்ணு, ரெண்டு பேருமே தப்பு பண்ணலன்னா ரெண்டு பேருக்கும் மாற எதுவும் இல்ல. அப்படின்னா ரெண்டாவது வாய்ப்பு எதுக்கு, முதல் வாய்ப்புல விட்ட தகவலை இப்ப குடுத்தா போதுமே.

பேச்சுவாக்குல ஆங்கில எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினோட பர்சுவேஷன் நாவலை எடுத்தேன். 1817 டிசம்பர்ல, ஆஸ்டின் இறந்த அஞ்சாவது மாசம் வெளியானது, இந்த வகைக்கு இன்னைக்கும் அதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியல. அதுல ஹீரோயின் ஆனும் அவ காதலிச்ச கடற்படைக்காரன் வென்ட்வொர்த்தும் பிரிஞ்சது எந்தக் குழப்பத்தாலயும் இல்ல. அவன்கிட்ட பணம் இல்ல, கடற்படையில என்ன ஆகும்னு தெரியாது, ஆன் நம்பற ஒரு பெரியவங்க வேண்டாம்னு சொன்னாங்க, பத்தொன்பது வயசுல அவ கேட்டுட்டா. அப்பறம் கையில காசும் கப்பலும் வந்த பிறகு ஒரு லெட்டர் எழுதியிருந்தா அவ சரின்னு சொல்லியிருப்பா, ரோஷத்துல எழுதல, அதை அவனே கடைசியில ஒத்துக்கறான். எட்டு வருஷம் போனதுக்கு ரெண்டு பக்கமும் காரணம் இருக்கு, அந்தக் காரணம் அவங்கவங்க குணத்துல இருந்து வந்தது.

அப்ப இந்தக் கணவரோட குணத்துல என்ன இருக்குன்னு தேடினோம். தேட வேண்டியதே இல்ல, எழுத்தாளர் அவங்களுக்கே தெரியாம எழுதி வச்சிருந்தாங்க. மூணு இடத்துல அவர் யாரையும் கேக்காம வண்டியைத் திருப்பறார். குறுக்கு வழின்னு ஒரு தடவை, ஹோட்டல் இதைவிட நல்லா இருக்கும்னு ஒரு தடவை, மழை வரும்னு ஒரு தடவை. மூணுமே நல்ல எண்ணம், மூணுமே முடிவு எடுத்துட்டு அப்புறம் தகவல் சொல்றது. பதினோரு வருஷம் முன்னாடியும் இவர் இப்படித்தான் இருந்திருப்பாருன்னு தோணுச்சு.

அதையே காரணமா ஆக்கினோம். வேற ஊர்ல வேலைக்குக் கையெழுத்துப் போட்டுட்டு வந்து மனைவிகிட்ட சொல்றார், அவளோட வேலை, அப்பாவோட உடம்பு எதையும் கேக்காம. அதுக்கு முன்னாடி சின்னதும் பெருசுமா அது மாதிரி நிறைய. அவ கிளம்பல, அவர் போயிட்டார். வில்லன் யாரும் இல்ல.

எழுத்தாளருக்கு இதுல ஒரு நியாயமான சந்தேகம் வந்துச்சு. "அப்ப ரைட்டா லெஃப்டான்னு ஒரு இடத்துல கேட்டுட்டாருன்னா, அதுக்காக ஒருத்தி திரும்ப வாழப் போயிடுவாளா?" போக மாட்டா. கேக்கறதால அவருக்கு ஏதாவது நஷ்டம் இருக்கணும், தனக்குப் பிடிக்காத பதில் வரும்னு தெரிஞ்சும் கேக்கணும், வந்த பதில்படி நடக்கவும் செய்யணும். அந்த சீன் எதுன்னு அப்ப எங்க ரெண்டு பேருக்கும் தெரியல.

கார் யாரோடது

அடுத்த முடிவு சின்னது, ஆனா மொத்த நாவலையும் அசைச்சது இதுதான். காரை ஹீரோயினோட காரா மாத்தினோம்.

காரணம் இதுதான். கார்ங்கறது எழுதறவங்களுக்குப் பெரிய வசதி, சண்டை போட்ட ரெண்டு பேரும் எழுந்து வெளிய போக முடியாது, பேசித்தான் ஆகணும். ஆனா அதே வசதிதான் ரெண்டாவது வாய்ப்புக் கதைக்கு எதிரி, ஏன்னா இறங்கிப் போக வழியே இல்லாத இடத்துல ஒருத்தி கூட இருக்கறதுக்கு என்ன மதிப்பு? எப்பயாவது ஒரு கட்டத்துல கதவு திறந்து இருக்கணும், யார் வேணா யாரை வேணா இறக்கி விடலாம்னு இருக்கணும். கார் அவரோடதா இருந்தா அவளால அவரை இறக்கி விட முடியாது.

தம்பியைத் தூக்கிட்டோம். அவன் கால் கட்டே முன்னாள் கணவரை உள்ள கொண்டு வரத்தான் போட்டது, மத்தபடி ஜோக் சொல்றதைத் தவிர அவனுக்கு வேலை இல்ல. அவன் போனதுல எழுத்தாளருக்கு நிஜமாவே வருத்தம், நல்ல ஜோக் சிலதை மகளுக்கு மாத்திக் குடுத்தோம். இப்ப நாலு பேர், ஒரு சீட் காலி. முழங்கால் வலிக்கு கால் நீட்ட வசதின்னு அம்மா முன்னாடி, மகளும் ஹீரோயினும் பின்னாடி. யார் எந்த நாள் எங்க உக்காந்திருக்காங்கன்னு ஒரு வரைபடமே போட்டோம், இடம் மாறினா அதுக்கு ஒரு காரணம் இருக்கணும்னு வச்சுக்கிட்டோம். ஹீரோயின் முதல் தடவை முன் சீட்டுக்கு வர்றது இப்ப இருபத்தி ரெண்டாவது அத்தியாயத்துல, அது அம்மாவோட சண்டை போட்டதால, காதலால இல்ல. மிரர் சீன் இருபத்தி மூணுல ஒண்ணு மட்டும் மிச்சம், அதுவும் அவர் மகளைப் பாக்கறது.

மகளோட பாத்திரமும் இங்கதான் சரியாச்சு. முதல் டிராஃப்ட்ல அப்பா அம்மா சேரணும்னு கைதட்டிக்கிட்டே இருப்பா. ஒன்பது வயசுல பிரிவைப் பாத்து, ரெண்டு வீட்டுக்கும் பையைத் தூக்கிட்டு அலைஞ்ச பொண்ணு அவ. இப்ப அவதான் ரொம்ப பயப்படறா: "திரும்ப ஆரம்பிச்சு திரும்ப உடைஞ்சா நான் எங்க போறது?" இந்த வரி எழுத்தாளரோடது, நான் தொடவே இல்ல.

ஒரே ஆளோட பார்வையில கதை சொல்றதுன்னும் முடிவாச்சு. முன்னாடி எல்லார் மனசுக்குள்ளயும் கதை போயிட்டு வரும், அவர் மூணாவது அத்தியாயத்துலயே உள்ளுக்குள்ள உருகிட்டு இருப்பார், வாசகருக்குத் தெரிஞ்சுபோச்சு, அப்புறம் என்ன எதிர்பார்ப்பு. காதல் நாவல்ல ரெண்டு பேர் பார்வையும் மாறி மாறி வர்றது நல்லாவே ஓடும், அதைத் தப்புன்னு சொல்லல. இங்க கேள்வி அவ அவரை நம்பலாமாங்கறது, அதனால அவளுக்குத் தெரிஞ்சது மட்டும்தான் நமக்கும் தெரியணும்.

அம்மாவோட திட்டம்

இதுலதான் எங்களுக்குள்ள பெரிய வாக்குவாதம். டிரைவரை வர வேண்டாம்னு அம்மாவே சொன்ன அந்த ரகசியம் எழுத்தாளருக்கு ரொம்பப் பிடிச்ச இடம், கதையே அதுல இருந்துதான் அவங்களுக்குக் கிளம்பியிருக்கு. எனக்கு அது உறுத்துச்சு. நாப்பத்தேழு வயசுப் பொண்ணு யாரோட வாழணும்னு அம்மா பின்னாடி இருந்து ஏற்பாடு பண்றாங்க, கடைசியில அதுக்கு நாம எல்லாரும் கைதட்டறோம்.

அட்டைகளைத் திரும்பப் பாத்துக்கிட்டு இருந்தப்ப எழுத்தாளரே சொன்னாங்க, அம்மா பண்றதும் அவர் பண்ணினதும் ஒண்ணுதானேன்னு. கேக்காம முடிவு பண்றது, அப்புறம் சொல்றது, நல்லதுக்குத்தானேன்னு நிக்கறது. அதோட வாக்குவாதம் முடிஞ்சுது. ரகசியம் இருக்கும், ஆனா கடைசி அத்தியாயத்துல சிரிப்பா உடையாது, நடுவுல வெடிக்கும்.

புது டிராஃப்ட்ல நாலாவது நாள் ஒரு பெட்ரோல் பங்க்ல, அன்னைக்கு வராத டிரைவர், மகளோட போனுக்குக் கூப்பிட்டு பாக்கிப் பணம் கேக்கறான், இதுக்காக வேற சவாரியை விட்டேன், அம்மாதான் கடைசி நேரத்துல வேண்டாம்னுட்டாங்கன்னு. ஹீரோயின் அம்மாகிட்ட பேசல. கணவர்கிட்ட ஒரே கேள்வி, உங்களுக்கு இது தெரியுமா. தெரியும்கறார், ரெண்டாவது நாள் தெரிஞ்சுதுங்கறார். அடுத்த பஸ் ஸ்டாண்ட்ல அவரை இறங்கச் சொல்றா. அவர் பையை எடுத்துட்டு இறங்கிடறார். பழைய ஆளா இருந்தா மலை ரோடு, அம்மாவுக்கு வயசு, நீ தனியா எப்படி ஓட்டுவேன்னு பத்து காரணம் சொல்லியிருப்பார். டிக்கியில டூல் கிட் எந்தப் பக்கம் இருக்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போறார், அவ "என் காரு, எனக்குத் தெரியும்"கறா. படிச்சப்ப நான் சிரிச்சுட்டேன், நாவல்ல முதல் தடவையா ரெண்டு பேருக்கும் நடுவுல ஏதோ இருக்குன்னு நம்பினதும் அங்கதான்.

அவ ஸ்டியரிங்ல உக்காந்ததும் எழுத்தாளர் ரெண்டு பக்கம் சுதந்திரம், காத்து, திறந்த சாலைன்னு எழுதியிருந்தாங்க. வெட்டியாச்சு. பயண நாவல் எழுதற எல்லாரும் அந்த ரெண்டு பக்கத்தை எழுதறாங்க.

ஆஸ்பத்திரி சீன்

பழைய டிராஃப்ட்ல எட்டாவது நாள் அம்மாவுக்கு நெஞ்சு வலி, கணவர் வேகமா ஓட்டிக் காப்பாத்தறார். எங்கயும் முன் அறிகுறி இல்ல, கிளைமாக்ஸ் வேணும்கறதுக்காக வந்த நெஞ்சு வலி.

பயண அட்டவணை போட்டுப் பாத்தப்ப ஒரு நாள்ல 900 கிலோமீட்டர் போற மாதிரி கணக்கு வந்துச்சு, முழங்கால் வலிக்காரங்களை வச்சுக்கிட்டு. அதை முழுசா மாத்தறதுக்குப் பதிலா கொஞ்சம் குறைச்சு, நீண்ட நேரம் உக்காந்து வர்றதையே பிரச்சினையா வச்சுக்கிட்டோம். நாலு மணி நேரத்துக்கு மேல அசையாம உக்காந்து பயணம் பண்ணா கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறையற வாய்ப்பு கூடும், வயசானவங்களுக்கு இன்னும் அதிகம். ஒரு கால் மட்டும் வீங்கும், கெண்டைக்கால் வலிக்கும், டாப்ளர் ஸ்கேன்ல பாப்பாங்க, ரத்தம் உறையாம இருக்க மருந்து ஆரம்பிப்பாங்க, அந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து. அம்மா மூணாவது நாளே ஒரு கால் செருப்பு இறுக்குதுன்னு சொல்றாங்க, யாரும் கண்டுக்கல. ஆறாவது நாள் அட்மிட். பயணம் நிக்குது, கார் ஆஸ்பத்திரி பார்க்கிங்ல. இப்ப யார் வேணா கிளம்பி வீட்டுக்குப் போகலாம்.

கணவர் என்ன செய்யணும்? வாசகர் எதிர்பார்க்கறது ஓடி வரணும்னு. எழுத்தாளர் எழுதினதும் அதான், ராத்திரி பஸ் பிடிச்சு, விடிகாலையில ஐசியூ வாசல்ல கலைஞ்ச தலையோட. நல்லாத்தான் எழுதியிருந்தாங்க. ஆனா அதுவும் கேக்காம எடுத்த முடிவுதான். பழைய ஆளு பெரிய மனசோட திரும்ப வந்திருக்கார், அவ்ளோதான்.

அப்பதான் அந்த சீன் கிடைச்சுது. மகள் சொல்லி அவருக்குத் தெரியுது, ஹீரோயினுக்குப் போன் பண்றார், "நான் வரட்டுமா, வேண்டாமா?"ன்னு கேக்கறார். அவ வேண்டாம்கறா. அவர் வரல.

எழுத்தாளர் இதை ஏத்துக்கவே இல்ல. "மாமியார் ஆஸ்பத்திரியில கிடக்கறப்ப வராதவனை எவ மன்னிப்பா, படிக்கறவங்க புத்தகத்தைத் தூக்கி எறிஞ்சுடுவாங்க"ன்னாங்க. கொஞ்ச நாள் பேச்சே இல்ல, நானும் அழுத்தல, இதுல எடிட்டர் ஜெயிச்சு எழுத்தாளர் மனசில்லாம எழுதினா அந்த சீன் பொய்யாத்தான் வரும். ஒரு நாள் அவங்களே அனுப்பினாங்க. அவர் வரல, ஆனா ஒவ்வொரு நாளும் காலையில ஒரே மெசேஜ், "இன்னைக்கு?" அவ சில நாள் பதில் போடறா, சில நாள் போடல, போடாத நாள்ல அவர் மகளுக்குப் போன் பண்ணித் துருவல. ஸ்கேன் ரிப்போர்ட்டை அவளே படிச்சுப் புரிஞ்சுக்கறா, டாக்டர்கிட்ட திரும்பப் போற தேதியை அவளே முடிவு பண்றா. பயணத்தைத் தொடரலாமான்னு அம்மாகிட்டயே கேக்கறா, அம்மாவுக்கு வாழ்க்கையில யாரும் அப்படிக் கேட்டதில்ல போல, பதில் சொல்லத் தெரியாம முழிக்கறாங்க. டிஸ்சார்ஜ் ஆகி, டாக்டர் சரின்னு சொன்ன பிறகு அவ போன் பண்ணி "மிச்ச தூரத்துக்கு வர்றீங்களா"ன்னு கேக்கறா.

காதல் கதையோட உச்சம் அந்தப் போன் கால்தான், ரெண்டு பேரும் ஒரே இடத்துல கூட இல்ல.

முடிவு எப்படி இருக்கணும்

கையைச் சேத்து வைக்கற சீன் இதோட செல்லாதுன்னு எழுத்தாளருக்கே தெரிஞ்சுபோச்சு. இருந்தாலும் கல்யாணம் இல்லாம எப்படி முடிக்கறதுன்னு தயக்கம். திரும்ப ஆஸ்டின்கிட்டயே போனேன். பர்சுவேஷனை அவங்க 1816 ஜூலை 18ல ஒரு முடிவோட முடிச்சாங்க. அதுல ஒரு அட்மிரல் தன் வீட்டுல ரெண்டு பேரையும் சந்திக்க வைக்கறார், உனக்கு வேற ஒருத்தரோட கல்யாணமாமேன்னு ஆன்கிட்ட கேக்கற வேலையை வென்ட்வொர்த் தலையில கட்டறார், அப்படியே விஷயம் தீர்ந்துடுது. ஆஸ்டினுக்கு அது திருப்தி இல்ல, திரும்ப எழுதி ஆகஸ்ட் 6ல முடிச்சாங்க. புது முடிவுல ஆன் இன்னொருத்தர்கிட்ட, பெண்கள் நம்பிக்கை இல்லாதப்பவும் நேசிப்பாங்கன்னு பேசிட்டு இருக்கா, அதே அறையில உக்காந்திருக்கற வென்ட்வொர்த் காதுல அது விழுது, உடனே பேப்பரை எடுத்து லெட்டர் எழுதறான். அடிச்சு விட்ட அந்தப் பழைய அத்தியாயங்களோட கையெழுத்துப் பிரதி இன்னைக்கும் பிரிட்டிஷ் நூலகத்துல இருக்கு. யாரோ ஏற்பாடு பண்ணின சந்திப்பு போய், அவளோட பேச்சால நடக்கற விஷயம் வந்துச்சு. எங்க நாவலுக்கு வேண்டியது அதே திருத்தம்தான்.

எந்த அலமாரியில வைக்கறதுங்கற கேள்வியும் இங்க தீர்ந்துது. 1980ல ஆரம்பிச்ச அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் காதல் நாவலுக்கு ரெண்டு விஷயம் சொல்லியிருக்கு, காதல் கதை மையமா இருக்கணும், முடிவு மனசுக்கு நிறைவாவும் நம்பிக்கையாவும் இருக்கணும். நம்ம நாவல்ல முடிவுல நம்பிக்கை இருக்கு, ஆனா மையம் ஹீரோயினோட பயணம், காதல் அதுல ஒரு பெரிய பகுதி. அதனால காதல் நாவல்னு சொல்லி விக்காம பெண்களோட வாழ்க்கை நாவல்னே சொல்றதுன்னு வச்சோம், இல்லன்னா அந்த எதிர்பார்ப்போட வர்றவங்களுக்கு ஏமாத்தமா இருக்கும்.

ஒரு பயணத்துல ஒரு குணம் மாறியிருக்குன்னு பாக்கலாம், அது நிக்குமான்னு பாக்க முடியாது. அதனால கடைசி ரெண்டு அத்தியாயம் ஊர் திரும்பின மூணு மாசத்துக்கு அப்புறம் நடக்குது. தனித்தனி வீடு, ஞாயித்துக்கிழமை மட்டும் சந்திப்பு. அவருக்கு வேற ஊர்ல ஒரு வேலை வருது, கையெழுத்துப் போடாத பேப்பரை எடுத்துட்டு அவ வீட்டுக்கு வர்றார்.

அப்புறம் நடந்தது

நீளம் கிட்டத்தட்ட கால்வாசி குறைஞ்சுது. ரெண்டாவது தடவை படிக்கக் குடுத்ததுல பழைய வாசகர்களும் புதுசா சிலரும் இருந்தாங்க. சேந்து வாழ்வாங்கன்னு நம்பிக்கை வந்துச்சுன்னு பெரும்பாலானவங்க சொன்னாங்க. அவர் ஆஸ்பத்திரிக்கு வராததை ரெண்டு பேர் மன்னிக்கவே இல்ல, அதுல ஒருத்தர் "அவ வேண்டாம்னு சொன்னாலும் வரணும்னு அவளுக்கு உள்ளுக்குள்ள ஆசை இருக்காதா?"ன்னு கேட்டாங்க. நல்ல கேள்வி, எழுத்தாளர் அந்த ஆசையையே ஒரு பத்தியா அந்த சீன்ல சேத்தாங்க, கேட்டும் வேண்டாம்னு சொன்னவ ராத்திரி முழுக்க வாசலைப் பாத்துட்டு இருக்கா. சீன் அதனால இன்னும் பலமாச்சு.

நஷ்டமும் இருக்கு. அம்மா முதல் டிராஃப்ட்ல எல்லாருக்கும் செல்லமா இருந்தாங்க, இப்ப கொஞ்சம் கடுமையாத் தெரியறாங்க, சிரிப்பு குறைஞ்சிருக்கு. தம்பி எங்கன்னு பழைய வாசகர் ஒருத்தர் கேட்டுட்டே இருந்தாங்க.

முதல்ல அனுப்பின பதிப்பகம் கணவர் ஆஸ்பத்திரிக்கு வர்ற மாதிரி மாத்தினா போடறோம்னாங்க. எழுத்தாளர் மாட்டேன்னுட்டாங்க, அந்த சீனுக்காக என்கிட்ட சண்டை போட்டவங்களே. அடுத்த பதிப்பகம் அப்படியே எடுத்துக்கிட்டாங்க, தலைப்பை மட்டும் மாத்தச் சொன்னாங்க, பழைய தலைப்புல பயணம்ங்கற வார்த்தை இருந்துச்சு, பயணக் கட்டுரைன்னு நினைச்சுக்குவாங்கன்னு. பிரமாதமா வித்துச்சுன்னு சொல்ல முடியாது, வாசகர் கடிதங்கள் மட்டும் விடாம வருது, அதுல பாதி அந்தப் போன் காலைப் பத்தி.

இனிமே மாத்தி செய்யப் போறது

இந்த வகை மேனுஸ்கிரிப்ட் வந்தா முதல் பேச்சுலயே வண்டி யாரோடது, யார் ஓட்டறாங்க, யாரால யாரை இறக்கி விட முடியும்னு கேக்கறதுன்னு வச்சிருக்கேன், இதுல அது நடுவுலதான் வந்துச்சு, முதல்லயே வந்திருந்தா சீட் வரைபடம், அட்டவணை எல்லாமே ஒரே தடவையில முடிஞ்சிருக்கும். பிரிஞ்ச காரணத்தை அவங்க ரெண்டு பேர் வாயாலயும் தனித்தனியா ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்றதும் இப்ப வழக்கமாயிடுச்சு. ரெண்டு பக்கமும் ஒண்ணு போல இருந்தா அந்தக் காரணம் தாங்காது, ரெண்டு பேரும் வேற வேற விவாகரத்தைப் பத்திப் பேசற மாதிரி இருந்தா அங்க கதை இருக்கு.

படிக்கக் குடுக்கறப்ப பிடிச்சுதா பிடிக்கலையான்னு பொதுவா கேக்காம, இன்னும் அஞ்சு வருஷம் கழிச்சு இவங்க எப்படி இருப்பாங்கன்னு எழுதச் சொல்லலாம்னு இருக்கோம். அந்த முதல் சுத்துல ஒரே ஒருத்தர் தானா அப்படி யோசிச்சதாலதான் பிரச்சினை எங்கன்னு தெரிஞ்சுது, அதை எல்லார்கிட்டயும் கேட்டுடறது நல்லது. அம்மாவோட சிரிப்பைக் காப்பாத்தறதுக்கு எழுத்தாளர் அடுத்த பதிப்புக்கு முன்னாடி ரெண்டு சீன் திரும்ப எழுதறதா சொல்லியிருக்காங்க, தம்பியோட ஜோக்ல மகளுக்குப் போகாம நின்ன ஒண்ணு ரெண்டு இன்னும் அவங்க நோட்ல இருக்கு.